பிரியும் தம்பதியரின் வீடும் கூட்டுக் கடனும்: கொழும்பில் வாழ்வோருக்கான வழிகாட்டி

கணவனும் மனைவியும் பிரிந்து வாழத் தீர்மானித்துவிட்டாலும், காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட உறுதியும் வங்கியில் கையொப்பமிட்ட கடன் ஒப்பந்தமும் அந்தத் தீர்மானத்தால் ஓர் எழுத்துக்கூட மாறுவதில்லை. உறுதியில் பெயர் உள்ளவரிடமே வீடு தங்கும். கையொப்பமிட்டவரைக் கடன் தொடரும். "கடனை அவர் கட்டட்டும், வீட்டை நான் வைத்துக்கொள்கிறேன்" என்று இருவரும் மனமொத்துப் பேசி முடித்தாலும், அதே ஏற்பாடு விவாகரத்துத் தீர்ப்பில் எழுதப்பட்டாலும், அதில் பங்குகொள்ளாத வங்கியை அது கட்டுப்படுத்தாது. பிரிவுக்குப் பிறகு குடும்பங்களை வாட்டும் பணத்துன்பங்களுள் பெரும்பாலானவை இந்த ஒன்றை அறியாமையால் விளைபவை என்பதே என் கருத்து. எனவே மனக்கசப்பு எவ்வளவு கடுமையாக இருந்தாலும், பெயரும் கையொப்பமும் எங்கெங்கே இருக்கின்றன என்பதைக் கண்டறிவதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

இங்கே எழுதப்படுவது பொதுத் திருமணப் பதிவுச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களை மனத்தில் கொண்டது. முஸ்லிம் சட்டத்தின் கீழ் மணந்தோரின் விவாகரத்து காதி நீதிமன்றத்தின் வழியே நடைபெறும். ஆயினும் வங்கிக் கடன், வாடகை, உறுதி பற்றிய பகுதிகள் அவர்களுக்கும் பொருந்தும்.

வீட்டை விட்டு வெளியேறுவதற்கு முன்

அடியும் அச்சுறுத்தலும் உள்ள வீட்டில் கீழே சொல்லப்படும் எதற்காகவும் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளுடன் பாதுகாப்பான இடத்துக்குச் செல்வதே முதற்கடமை. மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம் 1938, சிறுவருக்கானது 1929. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். இந்தக் கட்டளையால் வன்முறை செய்தவர் வீட்டுக்குள் வருவதைத் தடுக்க முடியும். பாதிக்கப்பட்டவர் கதியற்றுப் போகும் வகையில் குடும்ப வீட்டை விற்பதையும் ஈடுவைப்பதையும்கூடத் தடுக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. வீடு முழுவதும் கணவன் பெயரில் இருந்தாலும் இந்தப் பாதுகாப்பைக் கேட்கலாம்.

அத்தகைய ஆபத்து இல்லாதபோது, கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுவது நல்லதல்ல. நம் நாட்டில் விவாகரத்துக்கு ஏற்கப்படும் காரணங்களுள் ஒன்று வன்மத்துடன் கைவிட்டுச் செல்லுதல் ஆகும். வீட்டைவிட்டுப் போனவர் மீதே மற்றவர் அந்தக் குற்றச்சாட்டைச் சுமத்தக்கூடும். மற்றவரின் நடத்தையால் போக நேர்ந்ததென்றால் அதுவும் சட்டம் ஏற்கும் காரணமே; ஆனால் அதை மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே வெளியேறுவது தவிர்க்க முடியாததாக இருந்தால், ஏன் போகிறீர்கள், எந்த நாளில் போகிறீர்கள், எதை எடுத்துச் செல்கிறீர்கள் என்பதைச் சட்டத்தரணி ஒருவரின் கடிதமாகவோ பொலிஸ் நிலையப் பதிவாகவோ ஆக்கிவைத்துவிட்டுப் போவது அறிவுடைமை.

போகிறவரும் இருப்பவரும் ஆவணங்களின் பிரதிகளைத் தம்வசம் வைத்திருக்க வேண்டும். திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வீட்டு உறுதி, வாடகை ஒப்பந்தம், கடன் ஒப்பந்தங்கள், வங்கிக் கூற்றுகள், அடகுச் சீட்டுகள், வாகனப் பதிவுப் புத்தகம், காப்புறுதிப் பத்திரங்கள், தவணை கட்டிய பற்றுச்சீட்டுகள் ஆகிய எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, மற்றவர் திறக்க முடியாத மின்னஞ்சல் ஒன்றுக்கு அனுப்பிவையுங்கள். மூலப் பத்திரங்களை மறைப்பதும் கிழிப்பதும் பின்னர் நீதிமன்றத்தில் உங்களுக்கே பாதகமாக முடியும்.

வீடு யாருடையது

கணவன், மனைவி இருவரின் சொத்தும் மணமானவுடன் பொதுச்சொத்தாகிவிடும் என்ற எண்ணம் நம்மவரிடையே பரவலாக இருக்கிறது. பொதுச் சட்டத்தில் அந்த முறை 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துடனேயே ஒழிந்துவிட்டது. 1923 ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் மனைவி தன் சொத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்கவும் விற்கவும் வழிசெய்தது. ஆகவே பிரியும்போது எல்லாம் தானாக இரண்டாகப் பிரிக்கப்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விவாகரத்துத் தீர்ப்பு வழங்கும் மாவட்ட நீதிமன்றம், ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ சொத்தை எழுதிக்கொடுக்க வேண்டும், ஒரு தொகையை மொத்தமாகவோ மாதாந்தமாகவோ செலுத்த வேண்டும் என்று கட்டளையிடலாம். ஆனால் அது நீதிமன்றத்தின் தற்றுணிபு, அதாவது நிலைமையைப் பார்த்து அதுவே எடுக்கும் முடிவு. வீட்டுக்குப் பணம் போட்டவர் நீங்களாக இருந்து, உறுதி மற்றவர் பெயரில் இருந்தால், பணம் உங்கள் கணக்கிலிருந்து போனதற்கான வங்கிக் கூற்றுகள்தாம் உங்கள் பலம்.

வடமாகாணத்தை நிரந்தர இருப்பிடமாகக் கொண்ட தமிழருக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தும். வெள்ளவத்தையில் பல ஆண்டுகள் வாழ்ந்தாலும் ஒருவர் அதற்கு உட்பட்டவராக இருக்கக்கூடும். உட்படாதவராக மாறியிருக்கவும் கூடும். அது ஒவ்வொருவரின் வாழ்க்கை நிலையைப் பார்த்து முடிவாகும் கேள்வி. திருமணத்தால் இந்நிலை மாறுவதும் உண்டு: தேசவழமைக்கு உட்பட்ட ஆணை மணக்கும் பெண் மணவாழ்வுக் காலத்தில் அச்சட்டத்துக்கு உட்படுவாள், உட்படாத ஆணை மணந்த யாழ்ப்பாணப் பெண்ணுக்கு அது பொருந்தாது. முதுசம் (முன்னோர்வழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று அச்சட்டம் சொத்தை வகுக்கிறது. மனைவி தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தைக் கையளிக்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் சொல்கிறது. கணவன் காரணமின்றி மறுத்தாலோ கைவிட்டுப் போயிருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். பிரிந்த பின்னர் சீதன வீட்டை விற்கப்போன இடத்தில் நொத்தாரிசு கணவனின் கையொப்பத்தைக் கேட்கும்போதுதான் பலர் இதை முதன்முதலில் கேள்விப்படுகிறார்கள். தேசவழமை தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் தொடக்கத்திலேயே ஆலோசனை பெறுங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் வாழும் தம்பதியரிடையே அடிக்கடி காணப்படும் நிலை ஒன்று உண்டு. பெண்ணின் பெற்றோர் வெளிநாட்டுப் பிள்ளைகளின் உதவியுடன் வாங்கிய வீட்டைச் சீதனமாக எழுதும்போது, மகள் பெயரில் மட்டும் எழுதினார்களா, மகள், மருமகன் இருவர் பெயரிலும் எழுதினார்களா, தமக்குச் சீவிய உரித்தை ஒதுக்கி வைத்தார்களா என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. மகள் பெயரில் மட்டும் இருந்தால் மருமகனுக்கு உரிமை இல்லை. இருவர் பெயரிலும் இருந்தால் அவர் இணை உரிமையாளர். "அது சீதனம்தானே" என்ற சொல் மட்டும் அவரது பங்கை அழிக்காது. பெற்றோரின் சீவிய உரித்து பதியப்பட்டிருந்தால், அவர்கள் வாழும்வரை அங்கே வசிப்பதையும் வாடகை பெறுவதையும் தீர்மானிப்பவர்கள் அவர்களே. நன்கொடையாக எழுதிய உறுதியைக் கொடிய நன்றிகேடு என்ற காரணத்தால் நீக்கும்படி கொடுத்தவர்கள் நீதிமன்றத்தைக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அது எளிதான வழக்கல்ல, காலமும் கடத்தக்கூடாது.

உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நினைவிலிருந்து சொல்லாதீர்கள். காணிப் பதிவகத்தில் அந்த ஆதனத்துக்குரிய பதிவேட்டுப் பக்கத்தைத் தேடுவித்து, உங்களுக்குத் தெரியாமல் ஈடு, விற்பனை, நன்கொடை ஏதேனும் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மற்றவர் இனிமேல் ஏதும் செய்துவிடுவார் என்ற அச்சம் இருந்தால், வழக்குத் தொடர்ந்தவுடன் அது நிலுவையில் இருப்பதைப் பதிவகத்தில் பதிவுசெய்விக்குமாறு சட்டத்தரணியைக் கேளுங்கள். சில தொடர்மாடிகளில் உறுதி இன்னும் எழுதப்படாமல் கட்டடக்காரருடன் செய்த விற்பனை உடன்படிக்கை மட்டுமே இருக்கும். அங்கே உடன்படிக்கையில் உள்ள பெயரும் பணம் செலுத்திய பற்றுச்சீட்டுகளும்தான் ஆதாரம். அரசு வழங்கிய அடுக்குமாடி வீடுகளில் கைமாற்றத்துக்கு நிபந்தனைகள் இருப்பதால், வழங்கிய அலுவலகத்தைக் கேட்காமல் எந்த ஏற்பாட்டுக்கும் உடன்பட வேண்டாம்.

அற்றோணித் தத்துவத்தையும் மறந்துவிடாதீர்கள். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் துணைவருக்காக நீங்களோ, உங்களுக்காக அவரோ வைத்திருக்கும் அதிகாரப் பத்திரம் பிரிவுக்குப் பின்னும் செல்லுபடியாகவே இருக்கும். வேண்டாமென்றால் எழுத்தில் நீக்கி, அந்த நீக்கத்தைப் பதிந்து, வங்கிக்கும் நொத்தாரிசுக்கும் தொடர்மாடி நிர்வாகத்துக்கும் பிரதி அனுப்புங்கள்.

வாடகை வீடு

ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே வீட்டுக்காரருக்குப் பொறுப்பு. அவர் வெளியேறி மற்றவர் தங்குவதானால் வீட்டுக்காரரின் உடன்பாட்டுடன் புதிய ஒப்பந்தம் எழுதுங்கள். கொழும்பில் ஆறு மாத, ஒரு வருட முற்பணம் கேட்பது வழக்கமாதலால், அந்த முற்பணமே சில குடும்பங்களின் மிகப் பெரிய சேமிப்பாக இருக்கும்; அதைக் கொடுத்தவர் யார், திரும்பப் பெறப்போகிறவர் யார், இதுவரை கழிந்தது எவ்வளவு என்பதை வீட்டுக்காரரின் கையொப்பத்துடன் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பிள்ளை முதலாம் வகுப்பில் சேரும் வயதை நெருங்கினால், வாக்காளர் இடாப்பிலும் வதிவிட ஆவணங்களிலும் உள்ள பெற்றோரின் பெயர் பாடசாலை அனுமதிப் புள்ளிகளைப் பாதிக்கும். முகவரியை மாற்றுவதற்கு முன் இதை இருவரும் சேர்ந்து யோசிக்க வேண்டும்.

கடன்கள்

ஒரு தாளில் எல்லாக் கடன்களையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நிலுவை, மாதத் தவணை, ஈடு, கையொப்பமிட்டவர், பிணை நின்றவர் என்பவற்றைக் குறியுங்கள். நினைவில் தப்பியதைக் கண்டுபிடிக்க, 1990 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட கொடுகடன் தகவல் பணியகத்திடம் உங்கள் சொந்த அறிக்கையைப் பெறலாம். மக்கள் கிரிப் அறிக்கை என்று சொல்வது இதைத்தான். நீங்கள் பிணை நின்ற கடன்களும் அதில் தெரியும். கணவனுக்காகவோ மனைவியின் தம்பிக்காகவோ எப்போதோ போட்ட கையொப்பம் அங்கே வெளிப்படுவது அரிதல்ல.

இருவரும் சேர்ந்து எடுத்த கடனில், இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்ற வாசகம் இருக்கும். பாதிக் கடனுக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மற்றவர் ஒரு சதமும் கட்டாவிட்டால் முழுவதையும் உங்களிடம் கேட்கும் உரிமை வங்கிக்கு உண்டு என்பதே பொருள். பிணையாளியின் நிலையும் ஏறத்தாழ இதுவே, ஏனெனில் முதலில் கடனாளியைத் துரத்துங்கள் என்று சொல்லும் உரிமையை வங்கியின் படிவத்தில் அவர் பெரும்பாலும் துறந்திருப்பார். தவணை தவறினால் இருவரின் கிரிப் பதிவும் கெடும்; பிரிந்த பின் தனியாக ஒரு வீட்டுக்கோ தொழிலுக்கோ கடன் கேட்கும்போது அந்தத் தழும்பு தெரியும். எனவே யார் கட்ட வேண்டும் என்ற வாதம் முடியும்வரை தவணையை நிறுத்திவைப்பது இருவரையும் சேர்த்தே தண்டிக்கும் செயல். கட்டக்கூடியவர் தமது கணக்கிலிருந்து, காரணக் குறிப்புடன் கட்டி, ஆதாரத்தை வைத்திருந்து, பின்னர் கணக்குத் தீர்க்கும்போது மற்றவரின் பங்கைக் கேட்பதே தக்கது.

வீட்டுக்கடனே எல்லாவற்றிலும் முந்த வேண்டும். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஈடுவைக்கப்பட்ட ஆதனத்தை வழக்குத் தொடராமலே ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்திருக்கிறது. வருமானம் இரண்டாகப் பிரிந்து தவணை கனத்துப்போனால், தவறுவதற்கு முன்பே கிளை முகாமையாளரைச் சந்தித்து, தவணைக் காலத்தை நீட்டவோ சில மாதங்களுக்கு வட்டியை மட்டும் கட்டவோ எழுத்தில் கேளுங்கள். ஒருவரைக் கடனிலிருந்து விடுவிக்க வேண்டுமானால், எஞ்சுபவரின் சம்பளம் மட்டும் போதுமா என்று வங்கி புதிதாக ஆராயும். போதாதென்றால் வேறொரு பிணையாளியைக் கேட்கும், அல்லது மறுக்கும். விடுவித்ததாக வங்கி எழுத்தில் தரும்வரை விடுதலை கிடைத்ததாக எண்ணாதீர்கள். வங்கி அலுவலரின் வாய்மொழி இதற்குப் போதாது.

கூட்டுக் கணக்குகளில் இருவரில் ஒருவரே பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தால், இருவரும் கையொப்பமிட வேண்டும் என்று மாற்றும்படி வங்கிக்கு எழுதுங்கள். சம்பளம் அந்தக் கணக்குக்குப் போகிறதென்றால் முதலில் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் வீட்டுக்கடன் தவணை கழிக்கப்படும் கணக்கில் பணம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடனட்டைக்குத் துணை அட்டை கொடுத்திருந்தால் அதைச் செயலிழக்கச் செய்யலாம். துணை அட்டையில் செலவிட்டதற்கும் முதன்மை அட்டைதாரரிடமே பணம் கேட்கப்படும். மேலதிகப் பற்று வசதியும் அவ்வாறே. பயன்படுத்தாத வரம்பை ரத்துச் செய்துவிடுங்கள்.

லீசிங்கில் எடுத்த வாகனத்தை ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்க, தவணை மற்றவர் பெயரில் இருந்தால் அதுவும் நெடுநாள் சண்டைக்குக் காரணமாகும். நிறுவனத்தின் சம்மதத்துடன் ஒப்பந்தத்தை ஓட்டுபவரின் பெயருக்கு மாற்றுங்கள், இயலாவிட்டால் விற்று அடைத்துவிடுங்கள். விபத்துக் காப்புறுதி யார் பெயரில் என்பதையும் கவனியுங்கள்.

நகைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கணவனின் தொழிலுக்காகவோ வீட்டு முற்பணத்துக்காகவோ செட்டியார் தெருவிலும் வங்கிகளிலும் அடகுவைக்கப்பட்ட நகைகள் பெரும்பாலும் மனைவியின் பெற்றோர் போட்டவை. அடகுச் சீட்டோ பலவேளை கணவன் பெயரில் இருக்கிறது. சீட்டில் உள்ளவரே மீட்க முடியும், தவணை கடந்தால் நகை ஏலத்துக்குப் போகும். ஆகவே முதல் வாரத்திலேயே சீட்டுகளின் படம், இறுதி நாள், நிறை, மீட்கத் தேவையான தொகை ஆகியவற்றை எழுதுங்கள். மனைவியின் நகையை வைத்துப் பெற்ற கடனைக் கணவன் மீட்டுக் கொடுப்பதே நியாயம் என்று நான் நினைக்கிறேன். மீட்கப் பணம் இல்லையென்றால், வட்டியையாவது கட்டிப் புதுப்பித்து, எந்த நாளுக்குள் மீட்பார் என்பதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். திருமணப் படங்களும் நகைக்கடைப் பற்றுச்சீட்டுகளும் இங்கே நல்ல ஆதாரங்கள்.

உறவினரிடம் கைமாற்றாக வாங்கிய பணமும் பிடித்த சீட்டும் எந்தப் பதிவிலும் இரா. எடுத்த சீட்டுக்கு மீதித் தவணை கட்ட வேண்டியவர் யார், மாமாவிடம் வாங்கிய பணம் கடனா அன்பளிப்பா என்பவற்றை அந்தந்த மனிதர் முன்னிலையிலேயே பேசி எழுதுங்கள்.

இணக்கம் எழுத்தில் வரும்போது

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி அல்லது வீட்டின் உரிமையை மாற்றும் எந்த எழுத்தும் நொத்தாரிசு மற்றும் இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிடப்பட வேண்டும். குடும்பப் பெரியவர்களின் முன் வெள்ளைத்தாளில் எழுதிய இணக்கம் மனசாட்சியைக் கட்டலாம், வீட்டை மாற்றாது.

கணக்கை எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஓர் உதாரணம். இருவர் பெயரிலும் சமபங்காக உள்ள தொடர்மாடி வீடு 3 கோடி ரூபாய் பெறும், கடன் நிலுவை 1 கோடி 20 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சும் பெறுமதி 1 கோடி 80 இலட்சம். ஒருவரின் பங்கு 90 இலட்சம். வீட்டில் தங்குபவர் மற்றவருக்கு 90 இலட்சம் கொடுத்து, கடனையும் தனியே ஏற்க வேண்டும். இதோடு முடிவதில்லை. 1 கோடி 50 இலட்சம் பெறுமதியான அரைப்பங்கை விற்பனை உறுதியால் மாற்றினால், முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமுமாக முத்திரைத் தீர்வை 599,000 ரூபாய் வரும். நொத்தாரிசுக் கட்டணமும் உண்டு. தொடர்மாடி முகாமைத்துவத்துக்கு நிலுவையான பராமரிப்புக் கட்டணம், மாநகர சபை ஆதனவரி, மின், நீர்ப் பட்டியல்கள் ஆகியவற்றைக் கழித்த பிறகே உண்மையான தொகை தெரியும். இவ்வளவு பணம் திரட்ட எவராலும் முடியாவிட்டால், வீட்டை இருவரும் இணங்கி விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரிப்பது, மனம் நோகும் என்றாலும், ஆண்டுக்கணக்கில் வழக்காடுவதைவிட நல்லது. இணங்காத இணை உரிமையாளரை வழிக்குக் கொண்டுவர, பொது உரிமையிலுள்ள சொத்தைப் பங்கிடக் கேட்கும் பிரிவிடல் வழக்கு உண்டு. அதன் மெதுவான போக்கு ஊரறிந்தது.

பணம் கைக்கு வரும் நாளும் உறுதி எழுதும் நாளும் வங்கி ஈட்டை நீக்கும் நாளும் ஒன்றாக அமையும்படி நொத்தாரிசிடம் கேளுங்கள். முதலில் கையொப்பம், பிறகு பணம் என்ற ஏற்பாட்டுக்கு எந்த உறவின் பேரிலும் உடன்பட வேண்டாம். ஆவணம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்து உங்களுக்குப் புரியாவிட்டால், தமிழில் வாசித்து விளக்கப்படும்வரை கையொப்பமிடாதீர்கள்.

வருமானம் இல்லாத துணைவர், விவாகரத்து வழக்குக்குக் காத்திராமல், 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் தமக்கும் பிள்ளைகளுக்கும் மாதத் தொகை கோரி நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். வாடகைக்கு வழி பிறப்பது பலருக்கு அங்கேதான். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வருமானச் சான்றும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் கொண்டுபோனால் வேலை விரைவாகும்.

விவாகரத்து முடிவாகும்வரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் இருவரும் கணவன் மனைவியே. முதலில் வழங்கப்படும் தீர்ப்பாணை வழமையாக மூன்று மாதங்கள் கழிந்தே முடிவானதாக்கப்படும். அதற்குள் ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால், பொதுச் சட்டப்படி அவரது சொத்தின் அரைப்பங்கு பிரிந்து வாழும் துணைவருக்குச் செல்லும். எனவே பிரிந்த கையோடு மரணசாசனம் ஒன்றை நொத்தாரிசு முன்னிலையில் எழுதுங்கள். ஊழியர் சேமலாப நிதி, ஆயுள் காப்புறுதி, நிலையான வைப்பு ஆகியவற்றில் பெயர் குறிக்கப்பட்டவர் யார் என்பதைப் பார்த்து, பிள்ளைகளின் பெயருக்கோ பெற்றோரின் பெயருக்கோ மாற்ற விரும்பினால் அந்தந்த அலுவலகத்தின் படிவத்திலேயே மாற்றி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட பிரதியை வாங்கி வையுங்கள்.